படிவத்தில் இல்லாத கட்டம்

போன மே மாதம், உச்சி வெயில் நேரம். வாசலில் ஒரு குரல்.

"அக்கா... பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்றோம். வீட்ல படிக்கிற வயசுல பசங்க இருக்காங்களா?"

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. கையில் பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட படிவம், தோள்பையில் காலியான தண்ணீர் பாட்டில். புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார் அந்த டீச்சர். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தேன்.

"பொண்ணு இருக்கா டீச்சர். ஒன்பது வயசு."

"எந்த ஸ்கூலு?"

இந்தக் கேள்விக்கு மூன்று வருடமாக விதவிதமாகப் பதில் சொல்லிப் பழகியிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பாட்டி கேட்டால் "இன்னிக்கு லீவு பாட்டி" என்பேன். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் சாம்பார் வாளியைக் கூப்பிடுவேன். அரசாங்கமே வாசல் தேடி வந்து கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னேன்.

"ஸ்கூல் போகல டீச்சர். வீட்லயே படிக்கிறா."

சமையலறையிலிருந்து என் மாமியார் ஓட்டமும் நடையுமாக வந்தார். "இல்லம்மா, நல்லா படிக்கிற புள்ளதான். உடம்பு சரியில்லாம நிறுத்தி வெச்சிருக்கோம். வர்ற ஜூன்ல சேத்துடுவோம்." அத்தைக்கு நாங்கள் வீட்டில் சொல்லிக்கொடுப்பது பெரிய குறையில்லை. போலீஸ் வந்துவிடுமோ என்பதுதான் பயம்.

டீச்சர் சிரித்துவிட்டுப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். 'பள்ளியில் ஒருபோதும் சேராதவர்' என்று ஒரு கட்டம், 'இடைநின்றவர்' என்று ஒரு கட்டம். காரணம் என்ற தலைப்புக்குக் கீழே வறுமை, வேலை, இடம்பெயர்வு, மாற்றுத்திறன் என்று ஒரு பட்டியல்.

"நீங்களே சொல்லுங்கக்கா. இதுல எங்க போட?"

இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். "ஹோம் ஸ்கூலிங் சட்டப்படி சரியா?" என்று எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று சொல்லிக் கடந்துபோவதே என் வழக்கம். டீச்சர் போன பிறகுதான் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒழுங்காகப் படித்தேன். நான் வக்கீல் இல்லை. படித்ததில் புரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

முதலில் அரசமைப்புச் சட்டம். 2002-ல் வந்த 86-ஆவது திருத்தம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. ஒன்று, பிரிவு 21ஏ: 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு இலவச, கட்டாயக் கல்வி தர வேண்டும். இன்னொன்று, குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் 51ஏ(கே): அந்த வயதுக் குழந்தைக்குக் கல்வி பெறும் வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை. இரண்டு இடத்திலும் இருக்கும் சொல் 'கல்வி'. பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை. இதைப் படித்தபோது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அட, நம்ம கட்சி!

அடுத்தது, அதைச் செயல்படுத்த வந்த கல்வி உரிமைச் சட்டம், 2009. நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. அதன் மூன்றாவது பிரிவைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டியதாயிற்று. ஒவ்வொரு குழந்தைக்கும் 'அருகமைப் பள்ளி'யில் இலவச, கட்டாயக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது அது. பத்தாவது பிரிவு இன்னும் நேராகவே பேசுகிறது: பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின், காப்பாளரின் கடமை. சரி, வீட்டையும் பள்ளி என்று சொல்லிக்கொள்ளலாமா என்று பார்த்தால், பள்ளி என்றால் எது என்று இரண்டாவது பிரிவிலேயே நான்கு வகையாகப் பிரித்துவிட்டார்கள்: அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, கேந்திரிய வித்யாலயா போன்ற குறிப்பிட்ட வகைப் பள்ளி, உதவி பெறாத தனியார் பள்ளி. எங்கள் வீட்டுக் கூடம் இந்த நான்கிலும் வராது.

அரசமைப்பில் 'கல்வி' என்று இருந்தது சட்டத்துக்கு வரும்போது 'பள்ளி' ஆகிவிட்டது. என் மகள் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்.

அப்படியானால் நான் குற்றவாளியா? அங்கேதான் வேடிக்கை. சட்டம் முழுவதையும் தேடிவிட்டேன், பெற்றோருக்கு ஒரு ரூபாய் அபராதம்கூட அதில் இல்லை. பள்ளிகளுக்கு இருக்கிறது. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தைக்கு நுழைவுத் தேர்வு வைத்தால் முதல் தடவை 25,000 ரூபாய், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் வரை, அதன் பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. பெற்றோருக்கு 'கடமை' என்ற சொல்லோடு சரி.

அந்தச் சட்டத்தில் 'கட்டாயக் கல்வி' என்ற சொல்லுக்கே தனி விளக்கம் உண்டு, எட்டாவது பிரிவில். இலவசமாகக் கல்வி தருவதும், குழந்தை பள்ளியில் சேர்ந்து, தொடர்ந்து வந்து, படித்து முடிப்பதை உறுதிசெய்வதும் அரசின் பொறுப்பு. அதுதான் கட்டாயம். கட்டாயம் அரசாங்கத்துக்கு! அதனால்தான் அந்த டீச்சர் மே மாத வெயிலில் எங்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தார்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

'ஹோம் ஸ்கூலிங் செல்லும்' என்றோ 'செல்லாது' என்றோ நெற்றிப்பொட்டில் அடித்ததுபோல் ஒரு தீர்ப்பு கிடைத்தால் நன்றாக இருக்கும். எனக்குக் கிடைத்தவை இரண்டு ஓரக் குறிப்புகள்.

முதலாவது, 2012 ஏப்ரல் 12-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் சங்கம் கல்வி உரிமைச் சட்டத்தையே எதிர்த்துப் போட்ட வழக்கு. மூவர் அமர்வில் இருவர் சட்டம் செல்லும் என்றார்கள். மூன்றாமவரான நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் பல இடங்களில் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். அதில், பத்தாவது பிரிவு பெற்றோர் மீது சுமத்தும் கடமை வழிகாட்டும் தன்மை கொண்டதுதான், அவர்கள் தங்களுக்குப் பிடித்த பள்ளியில் சேர்க்கலாம், அருகமைப் பள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். ஹோம் ஸ்கூலிங் வட்டாரத்தில் இதைக் கொண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் பேசுவது எந்தப் பள்ளி என்பதைப் பற்றி. பள்ளியே வேண்டாம் என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. போதாக்குறைக்கு, அது சிறுபான்மைத் தீர்ப்பு.

இரண்டாவது, டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வீட்டில் படித்த ஒரு மாணவி கொண்டுபோன வழக்கு. அதில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2012-ல் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது: வீட்டில் படிக்க வைக்க விரும்பும் பெற்றோர் அப்படியே தொடரலாம், கல்வி உரிமைச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. நாட்டிலுள்ள ஹோம் ஸ்கூலிங் குடும்பங்கள் எல்லாம் அந்த ஒரு தாளைத் தாயத்து மாதிரி வைத்துக்கொண்டன. அப்புறம் அதே அமைச்சகம், அந்தப் பத்திரம் சட்டத்துக்கு ஒத்துவராத தவறு என்று பின்வாங்கிவிட்டது. தாயத்து போய்விட்டது, கயிறு மட்டும் எல்லார் கையிலும் இருக்கிறது.

இரண்டே சொல்

ஊர் உலகத்தில் எப்படி என்று பார்க்கலாம் என்று தேடினேன். இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலிருந்தே ஒரு வாசகம் தொடர்ந்து வருகிறது. இப்போது அது 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாவது பிரிவு. பிள்ளையின் வயதுக்கும் திறமைக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை, பள்ளிக்கு அனுப்பியோ அல்லது 'வேறு வகையிலோ'. ஆங்கில மூலத்தில் அந்த 'வேறு வகையிலோ' வெறும் இரண்டு சொல். அந்த நாட்டு ஹோம் ஸ்கூலிங் மொத்தமும் அந்த இரண்டு சொல்லில்தான் குடியிருக்கிறது.

ஜெர்மனி நேர் எதிர். அங்கே கட்டாயம் என்பது பள்ளிக்குப் போவது. ஹெஸ்ஸே மாநிலத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருந்த ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளை 2013 ஆகஸ்டில் அதிகாரிகள் வந்து அழைத்துப்போய், சுமார் மூன்று வாரம் கழித்துத்தான் திருப்பி அனுப்பினார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது வழக்கு. அதில் உரிமை மீறல் இல்லை என்று 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இதை மட்டும் அத்தையிடம் நான் சொல்லவில்லை.

சிங்கப்பூர் நடுவில் நிற்கிறது. அங்கே கட்டாயக் கல்வி 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் கல்வி அமைச்சகத்திடம் பாடத்திட்டத்தைக் காட்டி விலக்கு வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வைப் பிள்ளை எழுத வேண்டும், அதில் நாடு முழுக்க எழுதுகிறவர்களோடு ஒப்பிட்டு ஒரு குறைந்தபட்ச நிலையை எட்டியாக வேண்டும். தாய்மொழிப் பாடமும் அந்தத் தேர்வில் உண்டு. அதாவது, அங்கே வீட்டில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை தமிழ்த் தேர்வும் எழுத வேண்டும். கதவு இருக்கிறது, வாசலில் காவலும் இருக்கிறது.

நம் ஊரில் கதவே இல்லையா? இருந்தது! 1960-ஆம் ஆண்டு டெல்லி தொடக்கக் கல்விச் சட்டத்தைப் பாருங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாததற்குத் தகுந்த காரணங்கள் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. அதில் ஒன்று: குழந்தை வேறு ஏதாவது வகையில் கல்வி பெறுகிறது, அது திருப்திகரமானது என்று அதிகாரி சொல்லியிருக்கிறார் என்பது. அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் அதே சட்டத்தில் இருந்தது. 2009-ல் நாடு முழுமைக்கும் சட்டம் எழுதியபோது அபராதத்தை எடுத்தார்கள், கூடவே அந்தக் கதவும் போய்விட்டது.

'வீடு' என்ற பேச்சே 2009 சட்டத்தில் கிடையாது என்று சொல்ல வந்தேன். தவறு. 2012 திருத்தத்தில் வந்திருக்கிறது. கடும் மாற்றுத்திறன், பல்வகை மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள் வீடு சார்ந்த கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம். அதே திருத்தம், மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் மதக் கல்வியை முதன்மையாகத் தரும் நிறுவனங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கும் தந்தது. ஆக, யாருக்கெல்லாம் கதவு வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் தெருவுக்கு ஒன்று இல்லை, தாலுகாவுக்கு ஒன்றிரண்டு. எங்கள் குரல் அதுவரை போகவில்லை.

அந்த டீச்சர் அடுத்துப் போன இடம்

இதுவரை படித்துவிட்டு, "அப்போ இந்தக் கட்டாயமே தேவையில்லை, பிள்ளை என் பிள்ளை, சொல்லிக்கொடுப்பது என் உரிமை, அரசுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹோம் ஸ்கூலிங் வட்டாரத்தில் இது பிரபலமான கட்சி. நானும் கொஞ்ச நாள் அதில் இருந்தேன்.

எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டு டீச்சர் அடுத்துப் போனது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செங்கல் சூளைக்கு. வெளி மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கிக் கல் அறுக்கிறவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு, எந்த மாதம் வந்தாலும், டி.சி. இல்லாவிட்டாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும் பள்ளியில் இடம் தர வேண்டும், வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று சொல்வது நான் குறை சொல்லிக்கொண்டிருக்கும் இதே சட்டம்தான்.

மைரன் வீனர் என்ற அமெரிக்க அறிஞர் 1991-ல் இந்தியக் குழந்தைத் தொழிலாளர் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஏழைப் பிள்ளை வேலைக்குப் போனால்தான் குடும்பம் பிழைக்கும், படிப்பு அவனுக்கு எதற்கு என்று அதிகாரிகளும் நடுத்தர வர்க்கமும் மனதுக்குள் நினைப்பதால்தான் இங்கே கட்டாயக் கல்வி ஏட்டளவில் நிற்கிறது என்பது அவர் வாதம். 'பிள்ளையின் படிப்பைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்' என்று அரசு கையைக் கழுவியபோது அதன் விலையைக் கொடுத்தது எந்தப் பிள்ளைகள் என்று யோசியுங்கள்.

2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில், குடும்பத் தொழிலில் உதவலாம். 'பள்ளி நேரம்' என்ற ஒன்று இருப்பதால்தான் அந்த வரிக்கே அர்த்தம். நாளைக்கு யார் வேண்டுமானாலும் "எங்க பையன் ஹோம் ஸ்கூலிங்" என்று சொல்லலாம் என்றாகிவிட்டால், பரோட்டா மாஸ்டர் பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருக்கும் பத்து வயதுப் பையனும் ஹோம் ஸ்கூலிங்தான். எந்த அதிகாரி எதை வைத்துக் கேட்பார்?

அதனால் எனக்கு வேண்டியது முழுச் சுதந்திரம் இல்லை. கட்டாயம் இருக்கட்டும். வாசலைத் தட்டட்டும். தட்டும்போது எழுதிக்கொள்ள ஒரு கட்டம் வேண்டும். 'வேறு வகையில் படிக்கிறார்' என்று ஒரு கட்டம். பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், செய்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை ஒரு ஆசிரியர் வந்து பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். பிள்ளை படிக்கவில்லை என்று அவர் எழுதினால், பள்ளிக்கு அனுப்புகிறேன்.

இப்போது இருப்பது அதைவிட வசதி என்று சொல்வார்கள். உண்மைதான், எங்களுக்கு வசதி. கூடத்தில் புத்தக அலமாரி இருக்கிறது, மோர் கொடுக்கிறோம், நாலு வார்த்தை சட்டம் பேசுகிறோம். எங்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சூளையில் இருக்கும் அம்மா "வீட்லயே படிக்கிறான்" என்று சொன்னால் டீச்சர் நம்புவாரா? நம்பக் கூடாது. என்னை மட்டும் எதை வைத்து நம்பினார்? இதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை

பிள்ளைக்கு 14 முடிந்துவிட்டால் இந்தச் சட்டத்தின் கட்டாயமும் முடிந்தது. எல்லாச் சிக்கலும் 6 முதல் 14 வரையிலான எட்டு வருடத்துக்குத்தான்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. 14 வயது முடிந்தால் என்ஐஓஎஸ் எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். எட்டாவது சான்றிதழ் இல்லாவிட்டாலும், அந்தப் பாடங்களைப் படிக்கும் தகுதி எனக்கு இருக்கிறது என்று எழுதித்தரும் உறுதிமொழி போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாலைந்து குடும்பம் சேர்ந்து, ஒரு ஹால் பிடித்து, ஒரு ஆசிரியர் வைத்து, மாதச் சம்பளம் வசூலித்து நடத்தலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது. அது அங்கீகாரம் இல்லாத பள்ளி என்று பார்க்கப்பட்டால், நான் மேலே சொன்ன ஒரு லட்சம் அங்கே வந்து நிற்கும். தனித்தனி வீடாக இருக்கும்வரை தண்டனை இல்லை, பெயர்ப்பலகை மாட்டினால் உண்டு.

மனம் மாறினாலும் பயமில்லை. 6 முதல் 14 வயதுக்குள் எப்போது பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய் நின்றாலும் வயதுக்கேற்ற வகுப்பில் இடம் தந்தாக வேண்டும். என் மகளுக்கும் அந்த உரிமை இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை அவளிடமே கேட்கிறேன், "போறியா?" என்று. போன வருடம் "மதியானம் வரைக்கும்னா போறேன்" என்றாள். சாப்பாட்டுக்காகவாம். வாரத்தில் எத்தனை நாள் முட்டை என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லியிருக்கிறான்.

மீதிக் கதை

ஒன்றாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போனவள் அவள். காலையில் வேன் ஹாரன் கேட்டாலே வாந்தி எடுப்பாள். இரண்டு டாக்டரைப் பார்த்தோம், பெயர் வைக்கும்படி எதுவும் இல்லை. டி.சி. வாங்கி பீரோவில் வைத்தது மூன்று வருடத்துக்கு முன்பு. அதையும் டீச்சரிடம் எடுத்துக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "என்ன படிக்கிற?" அவள் உள்ளே ஓடிப்போய் பல்லி நோட்டை எடுத்துவந்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே வரும் பல்லிகள் பற்றிய நோட்டு. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை எத்தனை பூச்சி, எந்தப் பல்லி எத்தனை தின்றது, மழை நாளில் எவ்வளவு, கூட்டி வகுத்துச் சராசரி. டீச்சர் ஒரு பக்கத்தில் விரல் வைத்து, "இந்த வகுத்தல் தப்பு, மறுபடி போடு" என்றார். அவள் அங்கேயே தரையில் குந்திப் போட்டாள். மூன்று வருடத்தில் நான் கவனிக்காமல் விட்ட தப்புகளில் ஒன்று அது.

கட்டங்கள் எதிலும் டிக் போடாமல், படிவத்தின் ஓரத்தில் 'வீட்டில் படிக்கிறார்' என்று பேனாவால் எழுதினார். என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து போன். "அக்கா, ஓரத்துல எழுதுனத கம்ப்யூட்டர் ஏத்துக்கல. ரெண்டுல ஒண்ணுதான் போட முடியும். ஒருபோதும் சேராதவங்கன்னு போட்டா பொய்யாயிடும். டி.சி. இருக்கு. அதனால இடைநின்றவர்னு போட்டுருக்கேன். பரவாயில்லையா?"

"பரவால்ல டீச்சர்."

"இடைநின்றவங்க வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்து பாக்கணும். அடுத்த வருஷமும் நான்தான் வருவேன்."

"வாங்க டீச்சர்."

"பாப்பாவ அந்தப் பல்லி நோட்ட எடுத்து வைக்கச் சொல்லுங்க. வகுத்தல் கணக்கு இன்னும் ரெண்டு பக்கம் பாக்கணும்."